ஐடி மேனேஜர் ஆனால் சட்டப் பாதுகாப்பு போய்விடுமா? சென்னை தீர்ப்பு சொல்வது என்ன?

திருவாலங்காட்டில் அதிகாலை மின்சார ரயிலைப் பிடித்து அம்பத்தூருக்கு ஐடி வேலைக்குப் போகும் டெவலப்பர் ஒருவருக்கு மேனேஜர் பதவி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஸ்வீட் வாங்கியாச்சு. ஆனால் சம்பளத்தோடு இன்னொன்றும் மாறலாம். வேலையை விட்டு எடுத்தால் தொழிலாளர் சட்டப்படி வழக்குப் போடும் உரிமை அது.

எப்படி? 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி, தொழில்நுட்ப வேலை செய்பவர் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் 'தொழிலாளி'தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் அப்படி இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் இதையேதான் சொல்கிறது. மேற்பார்வை வேலை என்றால் மாதச் சம்பளம் 18,000 ரூபாயைத் தாண்டினாலே பட்டியலுக்கு வெளியே. ஐடியில் அதைத் தாண்டாத டீம் லீடர் யார் இருக்கிறார்?

ஒரு வருஷம் வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் உண்டு. மேனேஜருக்கோ பெரும்பாலும் ஆஃபர் லெட்டரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

சரி, 'மேனேஜர்' என்று போட்டுவிட்டாலே எல்லாம் முடிந்ததா? இல்லை. 2015-ல் டிசிஎஸ் நிறுவனம் பணிநீக்கம் செய்த ஊழியர் ஒருவர் சென்னை தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் நிர்வாக நிலையில் இருந்தவர் என்று நிறுவனத் தரப்பு வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் செய்தது திறன் சார்ந்த வேலை, அவர் தொழிலாளிதான் என்று கூறி, நிலுவைச் சம்பளத்துடன் மீண்டும் வேலை கொடுக்க 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. இதற்கு ஏழு வருஷம் ஆனது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆக, விசிட்டிங் கார்டில் இருக்கும் பெயரை விட, தினமும் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, நடவடிக்கை எடுப்பது போன்ற அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறதா? அல்லது பெயருக்கு மேனேஜர், நாள் முழுக்க கோடிங்தானா?

பிஎஃப், கிராஜுவிட்டி, மகப்பேறு விடுப்பு ஆகியவை மேனேஜர் ஆனாலும் தொடரும். பதவி உயர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன், நோட்டீஸ் காலம் எவ்வளவு, பொறுப்புகள் என்னென்ன என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்ரைசல் படிவங்களின் நகலையும் பத்திரமாக வைத்திருங்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்பதற்கு நாளை அதுவே ஆதாரம்.