உள்ளங்கையும் மட்டைப்பிடியும்

டெனிஸ் ஆட்டத்தைக் காண்போரின் கண்கள் பந்தோடு வலமும் இடமுமாக ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டத்தின் இடைவேளையில் வீரன் ஒருவன் இருக்கையில் அமர்ந்து, வியர்வையில் ஊறிய பழைய நாடாவை மட்டைப்பிடியிலிருந்து உரித்தெறிந்து, புதியதொன்றைச் சுற்றத் தொடங்கினால், அதனைக் கூர்ந்து நோக்குவோர் மிகச் சிலரே. ஆயினும், அந்தச் சிறு செயலுக்குப் பின்னால் நெடியதொரு வரலாறு உண்டு. மனிதனின் கைக்கும் அவன் ஏந்திய கருவிக்கும் இடையே நிகழ்ந்த உடன்பாட்டின் வரலாறு அது.

இவ்வாட்டம் பிறந்த காலத்தில் மட்டையே இருந்ததில்லை. இடைக்காலப் பிரான்சு நாட்டில் மக்கள் பந்தை வெறுங்கையால் அடித்தே ஆடினர். உள்ளங்கை ஆட்டம் என்பதே அந்நாட்டு மொழியில் அதற்கு வழங்கிய பெயர். கை நொந்தபோது தோலுறை அணிந்தனர். பின்னர் கையைச் சுற்றிக் கயிறு வரிந்தனர். அதன்பின் மரப்பலகை வந்தது. 16ஆம் நூற்றாண்டளவில் நரம்பு பின்னிய மட்டை நிலைபெற்றது. மட்டையைக் குறிக்கும் ராக்கெட் என்னும் சொல்லும், உள்ளங்கையைக் குறிக்கும் அறபுச் சொல்லொன்றிலிருந்து வந்ததெனச் சொல்லாராய்ச்சியாளர் சிலர் கருதுவர். 1789ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், அரசியலமைப்பு ஒன்று நிறுவப்படும்வரை கலைந்து செல்வதில்லையெனப் பிரெஞ்சு மக்கட் பிரதிநிதிகள் சபதம் செய்ததும் வெர்சாயில் இருந்த இத்தகைய ஆட்டக் கூடமொன்றிலேதான்.

கூடத்துள் இருந்த ஆட்டத்தைப் புற்றரைக்குக் கொணர்ந்தோருள் முதன்மையானவர் மேஜர் வோல்ட்டர் விங்ஃபீல்ட். அவர் 1874இல் தமது ஆட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1877இல் விம்பிள்டனில் முதற் போட்டி நடைபெற்றது. இருபத்திரண்டு பேர் பங்குபற்றிய அப்போட்டியில் ஸ்பென்சர் கோர் வெற்றி பெற்றார். அக்காலத்து மட்டைகளின் பிடி வெறும் மரமே. மரத்தை எட்டு முகங்கள் கொண்டதாகச் செதுக்கினர். வியர்வையால் வழுக்காதிருக்க அதன்மேல் நெருக்கமான வரிப்பள்ளங்கள் கீறினர். கை நழுவாதிருக்க அடிமுனையை மீன்வால்போல் விரித்தும் அமைத்தனர்.

எனினும் மரம் மரமே. பந்து மட்டையின் நடுவில் படாது ஓரத்தில் பட்டால், மட்டை கைக்குள் திரும்ப முயலும். அதனைத் தடுக்கக் கை இறுகப் பற்ற வேண்டும். பிடி வழுக்கினால் இன்னும் இறுகப் பற்ற வேண்டும். மணிக்கட்டை நிலைநிறுத்தும் முன்கைத் தசைகள் முழங்கையின் வெளிப்புற எலும்பிலே தொடங்குவன. ஆதலால் அந்த உழைப்பின் சுமை ஈற்றில் அவ்விடத்தையே சேர்கின்றது. 1883ஆம் ஆண்டளவிலேயே ஆங்கில மருத்துவ ஏடுகள் புற்றரை டெனிஸ் முழங்கை என இந்நோவுக்குப் பெயரிட்டு எழுதலாயின. ஆட்டம் தோன்றிப் பத்தாண்டு நிறையுமுன்னரே அதற்குரிய நோயும் தோன்றிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் தோற்பட்டை துணைக்கு வந்தது. 1930களில் அது பரவலாயிற்று. நீண்ட தோல் வாரொன்றின் கூரிய நுனியைப் பிடியின் அடியிலே சிற்றாணியால் பதித்து, ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் விளிம்பைச் சற்றே தழுவுமாறு மேல்நோக்கிச் சுற்றி, உச்சியில் ஒட்டுநாடாவால் கட்டுவர். வாரைத் தளரவிட்டால் சுருக்கம் விழும்; சுருக்கம் விழுந்த இடத்தில் கை கொப்புளிக்கும். ஆயினும் பழமையை விடாதோரும் இருந்தனர். 1938இல் நான்கு பெரும் போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்று சாதனை படைத்த அமெரிக்கர் டொன் பட்ஜ், தோல் சுற்றாத மரப்பிடியையே கையாண்டார்.

பிடியின் எட்டு முகங்களும் அழகுக்காக அமைந்தவை அல்ல. பந்து விரைந்து வருகையில் வீரன் தன் கையைப் பார்ப்பதில்லை. மட்டை எப்பக்கம் திரும்பியுள்ளது என்பதை விளிம்புகளே அவனுடைய தோலுக்கு உணர்த்துகின்றன. எந்த முகத்தில் உள்ளங்கை அமர்கின்றதோ அதற்கேற்பப் பிடிமுறைக்குப் பெயரும் அமைந்தது. பந்து உயர்ந்தெழும் கலிபோர்ணியாவின் சீமெந்துத் தரையில் மேற்குப் பிடி வளர்ந்தது. பில் ஜோன்ஸ்டன் அதில் வல்லவர். பில் டில்டன் கையாண்டது கிழக்குப் பிடி. 1934 முதல் 1936 வரை விம்பிள்டனை வென்ற ஃபிரெட் பெரி, ஐரோப்பியப் பிடியால் புகழ்பெற்றார். நிலத்தின் தன்மை கையின் வழக்கமாயிற்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மர மட்டையின் காலத்தில் பிடி பருமனாயின் இழைப்புளியால் சீவிக் கைக்கு ஏற்றதாக்கலாம். இரு கையாலும் புறங்கை வீச்சு அடித்த பியோன் போர்க், தம் மட்டையில் தோற்சுற்றை வழமைக்கு மேலே நீட்டிக்கொண்டார். 1981இல் ஜோன் மெக்கன்ரோ மர மட்டையால் விம்பிள்டனை வென்றார்; அதன்பின் கரியிழை மட்டைகள் களத்தைக் கைப்பற்றின. அவற்றின் பிடி அச்சில் வார்க்கப்படுவது. அதைச் சீவிக் குறைத்தல் எளிதன்று. ஆகவே நான்கு அங்குலச் சுற்றளவு முதல் எட்டிலொரு அங்குல இடைவெளியில் வெவ்வேறு அளவுகளாகவே அவை விற்பனைக்கு வருகின்றன. தோலின் இடத்தைச் செயற்கைப் பட்டையும், அதன்மேல் சுற்றும் மெல்லிய நாடாவும் பெற்றன. வியர்வைக்கு மருந்தாக இவான் லெண்டில் மரத்தூளைக் கையில் தூவிக்கொண்டதும் பலரும் அறிந்ததே. ஆயினும் நாடாமேல் நாடாவாகச் சுற்றிப் பருமனைக் கூட்டினால் விளிம்புகள் மழுங்கும். கை தன் வழிகாட்டியை இழக்கும்.

பிடியின் அளவே நோவைத் தீர்மானிக்கின்றது என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. அமெரிக்க மருத்துவர் றொபேட் நேர்ஷல், உள்ளங்கை ரேகையிலிருந்து மோதிர விரல் நுனிவரை அளந்து அளவைத் தெரியும் முறையைப் பரப்பினார். ஆனால் 2006இல் வெளியான ஆய்வொன்றில், தேர்ந்த ஆட்டக்காரரின் பிடியைக் கால் அங்குலம் கூட்டியும் குறைத்தும் சோதித்தபோது, முன்கைத் தசைகளின் உழைப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. அளவுகோல் சொல்லாத ஏதோவொன்றை ஒவ்வொரு கையும் தானே அறிந்துகொள்ள வேண்டியுள்ளது போலும்.

வெறுங்கையில் தொடங்கிய ஆட்டம் உறை, கயிறு, மரம், தோல், கரியிழை எனப் பல படிகளைக் கடந்தது. பந்துக்கும் கைக்கும் இடையே தூரம் வளர்ந்துகொண்டே வந்தது. ஆயினும் மட்டையின் அடியில், ஒரு சாண் நீளத்தில், உள்ளங்கை தன் பழைய இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. புதிய நாடாவை இழுத்துப் பிடித்து, சுற்றின்மேல் சுற்றாக வரியும் வீரன், அன்று கையிலே கயிறு வரிந்தவனின் செயலையே மீண்டும் செய்கின்றான்.