எஞ்சினை நிறுத்தும் பூட்டு: ரட்ஜ் முதல் ஸ்மார்ட் கீ வரை

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. இளைஞராக இருந்தபோது ஒரு நாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவதைப் பார்த்தார். மாடும் குதிரையும் இல்லாமல் ஓடிய அந்த வண்டி அவர் மனதை விட்டு அகலவில்லை. கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அந்த ரட்ஜ் வண்டியையே விலைக்கு வாங்கினார். அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, திரும்பப் பூட்டித்தான் எஞ்சின் வேலை செய்யும் விதத்தைக் கற்றுக்கொண்டார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்ட தொழிலதிபரின் முதல் பாடப்புத்தகம் அந்த வண்டிதான்.

இன்று ஒரு மாணவன் புதிய ஸ்மார்ட் கீ வண்டி ஒன்றை அதே போலக் கழற்றிப் பூட்டினால் என்ன ஆகும்? ஒரு நட்டு கூட மிச்சமில்லாமல் சரியாகப் பூட்டியிருந்தாலும், சாவியை வண்டி அடையாளம் காணாவிட்டால் எஞ்சின் ஓடாது. இந்த நிலை எப்படி வந்தது என்பது சுவையான வரலாறு.

சாவி இல்லாத காலம்

பெட்ரோல் எஞ்சின் ஓட பெட்ரோல், காற்று, தீப்பொறி மூன்றும் வேண்டும். இவற்றில் தடுக்க எளிதானது தீப்பொறி. அதனால்தான் எஞ்சினை நிறுத்தும் பூட்டுகள் பெரும்பாலும் தீப்பொறியின் பாதையிலேயே உட்கார்ந்திருக்கின்றன.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1902-ல் உயர் அழுத்த மேக்னெட்டோவைக் கொண்டுவந்தது. எஞ்சின் சுற்றும்போது இதுவே மின்சாரத்தை உண்டாக்கி பிளக்கிற்கு அனுப்பும். பேட்டரி வேண்டாம், சாவியும் வேண்டாம். நிறுத்த வேண்டுமென்றால் மேக்னெட்டோவின் மின்சாரத்தை எர்த் ஆக்கினால் போதும். உதைக்கத் தெரிந்த எவரும் வண்டியைக் கிளப்பிவிடலாம். திருட்டுக்குப் பயந்தவர் சங்கிலி போட வேண்டியதுதான்.

பிறகு பேட்டரியும் காயிலும் வந்தன. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய இந்த முறை 1910 வாக்கில் கார்களுக்கு வந்து, பின்னர் மோட்டார் சைக்கிள்களுக்கும் பரவியது. இதில் பேட்டரியின் மின்சாரம் சாவி வழியாகத்தான் காயிலுக்குப் போகும். சென்னையில் 1955-ல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டும், மைசூரில் 1960-ல் தொடங்கப்பட்ட ஐடியல் ஜாவாவின் வண்டிகளும் இந்தச் சாவியை நம் ஊர்ச் சாலைகளுக்குப் பழக்கின. ஆனால் பழைய ஜாவாவின் சாவி ஆணி போல எளிமையானது. ஒரு வண்டியின் சாவி இன்னொரு வண்டிக்கும் பொருந்தும். பூட்டு என்பது பெயருக்குத்தான்.

இரண்டு எதிர் வழிகள்

ஓசூரில் 1980-ல் வந்த டி.வி.எஸ். 50-யும், 1985-ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் கொங்கு நாட்டுத் தோட்டங்களிலும் கல்லூரி வாசல்களிலும் நன்கு தெரிந்த வண்டிகள். இவை பேட்டரியை நம்பாமல் எஞ்சின் சுழற்சியிலேயே தீப்பொறிக்கான மின்சாரத்தை எடுத்துக்கொண்டன.

இங்கேதான் முக்கியமான வேறுபாடு. பேட்டரி-காயில் வண்டியில் ஒயர் அறுந்தால் எஞ்சின் நிற்கும். மேக்னெட்டோ வகையில் நிறுத்தும் ஒயர் எர்த்தில் பட்டால் எஞ்சின் நிற்கும். ஒன்றில் இணைப்பு இல்லாதது குற்றம், மற்றொன்றில் இணைப்பு இருப்பதே குற்றம்.

பட்டறை மெக்கானிக் இதை ஏட்டில் படிக்கவில்லை. பிளக்கைக் கழற்றி, எஞ்சின் தலையில் ஒட்டிப் பிடித்து உதைத்துப் பார்ப்பார். நீலப் பொறி வந்தால் கோளாறு பெட்ரோல் பக்கம். வராவிட்டால் நிறுத்தும் ஒயரைத் தனியாக்கிச் சோதிப்பார். அப்போது பொறி வந்தால் எஞ்சினில் பழுதில்லை, சுவிட்ச்தான் அதைத் தடுக்கிறது என்று தெரிந்துவிடும்.

2000-களில் ரிமோட் அலாரம் பெட்டிகள் கடைகளில் வந்தபோதும் இந்த அறிவு கைகொடுத்தது. அந்தப் பெட்டிகளுக்குள் இருந்த ரிலே, அதே பழைய ஒயர்களைத்தான் வெட்டியது அல்லது எர்த் ஆக்கியது. மழைநீர் இறங்கினாலோ, முறுக்கி ஒட்டிய இணைப்பு தளர்ந்தாலோ, திருடனுக்கு வைத்த பூட்டு சொந்தக்காரரையே நடுரோட்டில் நிறுத்தியது. பெட்டியைக் கழற்றி ஒயர்களைப் பழையபடி சேர்த்ததும் வண்டி ஓடியது.

சிப் வந்த பிறகு

அடுத்த மாற்றம் ஐரோப்பாவில் இருந்து வந்தது. 1998 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமானது. சாவிக்குள் பேட்டரி இல்லாத சிறு சிப் இருக்கும். பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதற்குச் சக்தி தந்து, அதன் ரகசிய எண்ணைக் கேட்கும். எண் பொருந்தினால்தான் எஞ்சினின் கணினி தீப்பொறிக்கு அனுமதி தரும். பயன் உண்மையானது. 1995 முதல் 2008 வரை நெதர்லாந்தில் கார் திருட்டை இது சுமார் 40 சதவீதம் குறைத்ததாக 2016-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஹோண்டா தன் பெரிய மோட்டார் சைக்கிள்களில் எச்.ஐ.எஸ்.எஸ். என்ற பெயரில் இதே முறையை வைத்தது. இந்தியாவில் 2023 ஜனவரியில் வந்த ஆக்டிவா எச்-ஸ்மார்ட், இதை ஸ்கூட்டருக்கும் கொண்டுவந்தது.

இந்த வண்டிகளில் சோதனை முறையே மாறிவிட்டது. முதலில் டாஷ்போர்டில் உள்ள இம்மொபிலைசர் விளக்கைப் பார்க்க வேண்டும். அணைய வேண்டிய நேரத்தில் அணையாவிட்டால் சாவி அடையாளம் காணப்படவில்லை. வண்டி பேட்டரி இறங்கியிருக்கலாம், ஸ்மார்ட் கீயின் வட்ட பேட்டரி தீர்ந்திருக்கலாம், அதே வளையத்தில் இன்னொரு சிப் சாவி தொங்கலாம். இவற்றைச் சரிபார்த்து, இரண்டாவது சாவியையும் போட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் நிறுவனத்தின் ஸ்கேனர் வேண்டும். பிளக்கில் பொறி வரவில்லை என்பதை இன்றும் மெக்கானிக் கண்டுபிடிப்பார். அது பழுதா, பூட்டா என்பதுதான் அவருக்குத் தெரியாது.

பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-ல் ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு இணையதளமும் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டுள்ளது. கோவை போன்ற ஊருக்கு இது சின்ன விஷயம் அல்ல. பம்ப்செட் முதல் வண்டி மீட்டர் வரை செய்யும் இந்த ஊர், பொருள்களைக் கழற்றிப் பார்த்துத்தான் தொழில் கற்றது. திருடனைத் தடுக்க நல்ல பூட்டு வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் ரட்ஜ் வண்டியைக் கழற்றிய அந்த இளைஞனைப் போல ஒருவன் இன்று கலங்கலில் இருந்தால், அவனுக்கும் அந்தப் பூட்டு திறக்க வேண்டும்.