ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர்: ரோட்டுக்கும் ரேஸ் டிராக்குக்கும் ஒரே செட் போதுமா?

பெங்களூரில் சனிக்கிழமை விடியும் முன் கிளம்பி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பகல் முழுக்க ஓட்டிவிட்டு, இரவு அதே காரில் ஊர் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். போக வர சுமார் 600 கி.மீ. டிராக்கின் ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ. 20 நிமிட செஷன் மூன்று, ஒவ்வொன்றிலும் ஒன்பது சுற்று என்றால் மொத்தம் 100 கி.மீ. ஆக, அன்று ஓடிய 700 கி.மீ.யில் ஏழில் ஆறு பங்கு சாதாரண நெடுஞ்சாலை. லாரி, பள்ளம், மழைத்தண்ணி எல்லாம் இருக்கிற ரோடு.

ஆனால் டயர் வாங்கும்போது பலரும் கேட்பது அந்த ஒரு பங்குக்கான கேள்வியை: "எதுல கிரிப் அதிகம்?" முதலில் கேட்க வேண்டியது வேறு: "ராத்திரி திரும்பும்போது வேலூர் பக்கம் மழை கொட்டினா, இந்த டயர் என்ன பண்ணும்?"

ஒரே டயர் ஏன் ரெண்டையும் முழுசாகச் செய்யாது?

கார் எவ்வளவு விலை என்றாலும் அது தரையைத் தொடுவது நான்கே இடத்தில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு. பிரேக், திருப்பம், வேகம் எல்லாம் அந்த இடத்தின் வழியாகத்தான் நடக்கிறது.

காய்ந்த டிராக்கில் அந்த இடம் முழுக்க ரப்பராக இருந்தால் நல்லது. மழையில் தண்ணீர் வெளியேற ஆழமான பள்ளங்கள் வேண்டும். பள்ளம் கூடினால் தரையைத் தொடும் ரப்பர் குறையும். உயரமான பட்டன்கள் திருப்பத்தில் வளைந்து, சூடாகி, ஓரங்களில் பிய்ந்துபோகும். பள்ளத்தைக் குறைத்தால் தண்ணீர் டயருக்கு அடியில் மாட்டி, கார் தண்ணீர் மேல் மிதக்கும். அந்த நொடியில் ஸ்டீயரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது.

அடுத்தது சூடு. டிராக்குக்கான ரப்பர் கலவை நன்றாகச் சூடான பிறகுதான் முழுப் பிடிப்பைத் தரும். நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது அந்தச் சூடு வராது. சாலை டயரின் கதை நேர் எதிர்: வேகமாக நாலைந்து சுற்று போனதும் அளவுக்கு மேல் சூடாகி வழுக்க ஆரம்பிக்கும்.

சந்தையில் இருப்பவை நான்கு வகை

*சாலைக்கான பெர்ஃபார்மன்ஸ் டயர்:* மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போன்றவை. மழையில் நம்பலாம், டிராக்கிலும் அளவோடு தாக்குப்பிடிக்கும்.

*எக்ஸ்ட்ரீம் பெர்ஃபார்மன்ஸ்:* ட்ரெட்வேர் எண் 200-ஐ ஒட்டியவை. காய்ந்த தரையில் பிடிப்பு அதிகம். இரைச்சல் கூடும், சீக்கிரம் தேயும், தேங்கிய தண்ணீரில் கவனம் தேவை.

*செமி-ஸ்லிக்:* மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் கப் 2, பிரெல்லி பி ஜீரோ ட்ரோஃபியோ ஆர் போன்றவை. சாலையில் ஓட்டலாம், ஆனால் புதிதாக இருக்கும்போதே பட்டன் ஆழம் குறைவு. கனமழையில் இவற்றின் மேல் நம்பிக்கை வைக்க முடியாது.

*ஸ்லிக்:* பட்டனே கிடையாது, டிராக்குக்கு மட்டும். கார்களுக்குப் பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. எனவே இது சாலைக்கு வரவே கூடாது.

ட்ரெட்வேர் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

டயரின் பக்கவாட்டில் இருக்கும் இந்த எண் அமெரிக்க முறையில் வருவது. 100 என்பது அடிப்படை. எண் கூடினால் டயர் மெதுவாகத் தேயும் என்று பொருள். பைலட் ஸ்போர்ட் 4எஸ்-க்கு 300, கப் 2-க்கு 180.

இதில் ரெண்டு சிக்கல். எண்ணைக் கொடுப்பது அந்தந்த நிறுவனமே. அதனால் ஒரு பிராண்டின் 200-ஐ இன்னொரு பிராண்டின் 200-ஓடு ஒப்பிடுவது சரிவராது. அடுத்து, பக்கத்தில் இருக்கும் 'ஏஏ', 'ஏ' என்ற டிராக்ஷன் தரம் ஈரத் தரையில் நேராக பிரேக் போடுவதை மட்டுமே சோதிக்கிறது. திருப்பமும், தண்ணீரில் மிதப்பதும் அந்தச் சோதனையிலேயே இல்லை. எனவே 'ஏஏ' போட்டிருக்கிறதே என்று மழையில் தைரியமாக இருந்துவிட முடியாது.

பக்கவாட்டில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

225/45 ஆர்17 94ஒய் என்று இருந்தால்: அகலம் 225 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், ரேடியல் டயர், ரிம் 17 அங்குலம். 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும். 'ஒய்' என்றால் மணிக்கு 300 கி.மீ. வரை, 'டபிள்யூ' 270, 'வி' 240. கார் நிறுவனம் சொன்ன சுமை எண்ணுக்கும் வேக எழுத்துக்கும் கீழே இறங்காதீர்கள்.

டிஓடி குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புத் தேதி. 2324 என்றால் 2024-ன் 23வது வாரம். ரப்பர் கடைக்குள் இருந்தாலும் வயசாகும். "புது டயர்தான் சார்" என்று சொன்னாலும் குனிந்து இந்த எண்ணைப் பாருங்கள்.

சில டயர்களில் போர்ஷேவுக்கு 'என்' எழுத்து, பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம் என்று குறி இருக்கும். அந்தக் காருக்காகவே சரிசெய்த டயர் என்று அர்த்தம். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும், குறி உள்ளதையும் இல்லாததையும் கலந்து மாட்டாதீர்கள்.

ஆபத்து எங்கே? காற்றில்

டயர் சூடாகும்போது காற்றழுத்தம் ஏறும். ஒவ்வொரு 6 டிகிரிக்கும் சுமார் 1 பிஎஸ்ஐ. காலையில் 30 டிகிரியில் 32 பிஎஸ்ஐ வைத்து இறங்குகிறீர்கள். டயருக்குள் இருக்கும் காற்று 80 டிகிரியைத் தொடும்போது அதுவே சுமார் 40. கார் வழுக்குகிறதே என்று பிட்டில் நிறுத்தி 34-க்கு இறக்குகிறீர்கள். டிராக்கில் அது சரியான வேலைதான்.

ஆனால் டயர் பழையபடி 30 டிகிரிக்கு ஆறியதும் அந்த 34, சுமார் 27 ஆகிவிடும். அப்படியே நெடுஞ்சாலை ஏறினால் பக்கச் சுவர் அதிகமாக மடங்கி மடங்கிச் சூடாகும்; வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. மழை வந்தால் வழக்கத்தைவிடக் குறைந்த வேகத்திலேயே கார் மிதக்கும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னியும் கிடையாது.

அதனால் கிளம்பும் முன் டயர் ஆறட்டும். கார் நிறுவனம் சொன்ன அளவுக்குக் காற்று அடித்துவிட்டுத்தான் டிராக் கேட்டைத் தாண்ட வேண்டும். கையில் ஒரு நல்ல பிரஷர் கேஜும் சின்ன கம்ப்ரஸரும் இருக்கட்டும். விலை உயர்ந்த டயர் செட்டைவிட இவை ரெண்டும் உங்களை அதிகம் காப்பாற்றும்.

இந்தியாவில் கிடைக்குமா?

2020 ஜூனில் மத்திய அரசு கார் டயர் இறக்குமதியை 'கட்டுப்படுத்தப்பட்ட' பட்டியலுக்கு மாற்றி, உரிமம் தேவை என்றாக்கியது. அப்பூர்வமான அளவுகளும் செமி-ஸ்லிக்குகளும் எளிதில் சிக்காமல் போக இது ஒரு காரணம். எனவே மாடலை முடிவு செய்யும் முன், உங்கள் அளவில் நான்கும் கிடைக்குமா, ஒன்று கிழிந்தால் அதே டயர் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஆல்-வீல் டிரைவ் கார் என்றால் இது ரொம்ப முக்கியம். நான்கு டயரின் தேய்மானமும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

சரி, எதை வாங்குவது?

• வருடத்துக்கு ரெண்டு மூன்று டிராக் டே, அதே காரில் போய் வருவது: சாலைக்கான பெர்ஃபார்மன்ஸ் டயர். புதிதாக ஓட்டுபவருக்கும் இதுதான் நல்லது. எல்லை நெருங்கும்போது டயர் கத்தி எச்சரிக்கும். பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும்.

• மாதா மாதம் டிராக், மழைக்காலத்தில் கார் வீட்டில் நிற்கும்: 200 ட்ரெட்வேர் வகை.

• செமி-ஸ்லிக் வேண்டும் என்றால்: தனி ரிம்மில் ரெண்டாவது செட். டிராக்கில் மாற்றி, திரும்பும் முன் பழையதை மாட்டிவிடுங்கள். அதற்கு வசதி இல்லை என்றால் அந்த ஆசையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

எதை வாங்கினாலும், கிளம்பும் முன் நான்கு டயரையும் கையால் தடவிப் பாருங்கள். ஓரம் பிய்ந்திருக்கிறதா, பக்கச் சுவரில் வீக்கம் இருக்கிறதா? கடிகாரத் திசையில் ஓடும் டிராக் என்றால் இடப்பக்க டயர்களை இன்னும் கவனமாக. சந்தேகம் வந்தால் அன்றிரவு அங்கேயே தங்கிவிடுங்கள். வீட்டுக்கு இன்னும் 300 கி.மீ. இருக்கிறது.