புழுவைக் கண்டு வண்டை அறிந்த வரலாறு

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூரின் நெடுஞ்சாலையில் செல்லும் சரக்கு லாரிகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஏற்றுமதிக்கான இயந்திர உறுப்புகளைத் தாங்கும் மரப் பேலட்டுகளில் கோதுமைக் கதிர் பொறித்த முத்திரை ஒன்று இருக்கும். அம்முத்திரைக்குப் பின்னால் ஒரு புழுவின் கதை உண்டு.

நீள்கொம்பு வண்டுக்கு அதன் நீண்ட உணர்கொம்புகளே அடையாளம். ஆனால் மரத்தைக் குடைந்து வாழும் அதன் புழுவுக்கோ அந்த நீண்ட கொம்புகள் இல்லை. மரத்தைப் பிளந்தால் அகப்படுவது பெரும்பாலும் புழுதான். எனில், இனத்தை எப்படி அறிவது?

புழு இருக்கும் கட்டையைக் கூண்டிலிட்டு, வண்டு வெளிவரும்வரை காத்திருப்பதே பழைய வழி. இதற்கு மாதங்கள், சில வேளை ஆண்டுகள் ஆகும். புழுவின் உறுப்புகளைக் கொண்டே இனத்தைப் பிரிக்கும் பெருநூலை எஃப்.சி. கிரெய்க்ஹெட் 1923-இல் வட அமெரிக்க இனங்களுக்காக வெளியிட்டார். அதே காலத்தில், டேராடூனில் 1906-இல் தோன்றிய வன ஆராய்ச்சி நிலையத்தில், ஜே.சி.எம். கார்டனர் இந்தியப் புழுக்களை விவரித்தார். 1968-இல் இ.ஏ.ஜே. டஃபி கீழ்த்திசை நாடுகளின் இனங்களைத் தொகுத்தார்.

அவர்கள் கண்ட அடையாளங்களில் சிலவற்றை நீங்களும் காணலாம். எருக்குழியில் கிடைக்கும் காண்டாமிருக வண்டின் புழு வளைந்திருக்கும். மூன்று இணைக் கால்கள் தெளிவாகத் தெரியும். பொன்வண்டின் புழுவுக்கு முன்மார்பு தட்டையாக விரிந்து, பின்னுடல் ஒடுங்கியிருக்கும். நீள்கொம்பு வண்டின் புழுவோ வெண்ணிறமாய், ஏறக்குறைய உருண்டு நீண்டிருக்கும். தலை முன்மார்புக்குள் புதைந்திருக்கும். கால்கள் மிகச் சிறியவை, அல்லது இல்லவே இல்லை. உடலின் மேலும் கீழும் உள்ள புடைப்புகளைத் துளையின் சுவரில் ஊன்றியே அது நகர்கிறது.

இன்னும் நுணுகிப் பாருங்கள். மாந்தண்டைத் துளைக்கும் புழுவின் தலை அகலத்தைவிட நீளம் மிக்கது. காப்பிச் செடியின் தண்டுத் துளைப்பானுக்கோ தலை அகன்றது. தாடை நுனி உளிபோல் உருண்டிருக்கும். இப்படித் தலையும் தாடையும் உட்குடும்பத்தையே காட்டிவிடுகின்றன.

1996-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஆசிய நீள்கொம்பு வண்டு மேப்பிள் மரங்களைத் தாக்கியது தெரியவந்தது. அது ஆசியாவிலிருந்து சென்ற மரப் பெட்டிகளில் ஒளிந்து கடல் கடந்தது என்பது அறிஞர் கருத்து. அதை ஒழிக்க ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. 2002-இல் பன்னாட்டு விதி பிறந்தது: பெட்டி மரத்தின் உட்பகுதியும் 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் இருக்க வேண்டும், அல்லது ஏற்கப்பட்ட வேறு முறையில் பக்குவப்படுத்த வேண்டும். கதிர் முத்திரை அதற்கே சான்று.

ஆசிய வண்டும் நம் மாந்தண்டுத் துளைப்பானும் ஒரே உட்குடும்பம். அவற்றின் புழுக்களைப் பிரித்தறிய, மூச்சுத்துளையின் வடிவம், முன்மார்புத் தகட்டின் வரிகள் போன்ற நுண்ணிய அடையாளங்களே துணை. துறைமுகச் சோதனையாளர் அவற்றைத் தவறாகப் படித்தால், குற்றமற்ற சரக்கு திருப்பப்படலாம். அல்லது ஒரு நாட்டின் காட்டுக்குள் பகை நுழையலாம். அடுத்தமுறை விறகு பிளக்கையில் வெண்புழு விழுந்தால், எறியுமுன் உருப்பெருக்கி கொண்டு அதன் தலையைப் பாருங்கள்.