கப்பாட்டுக் கல் கூறுவதும் கூறாததும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவைச் சேர்ந்த ஆரியசாலையில் நடப்போருக்கு மிளகின் மணம் புதிதன்று. திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் அமைந்த அக்கடைத்தெருவில் தமிழ் வணிகர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அங்கே சாக்குச் சாக்காய்க் கிடக்கும் இம்மிளகை நாடித்தான் போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தனர். அவர்கள் வருகையைக் குறிக்கும் கல் ஒன்று இதே மலையாளக் கரையில், கோழிக்கோட்டுக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வடக்கே, கப்பாட்டில் சாலையோரம் நிற்கிறது. 1498-ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா இங்கே இறங்கினார் என்று அதில் ஆங்கிலத்தில் பொறித்துள்ளனர்.

மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்கு எச்சொல்லையும் நிறுத்துப் பார்ப்பது வழக்கம். இக்கல்லில் நிறுக்க வேண்டிய சொல் 'இறங்கினார்' என்பதே. அப்பயணத்தில் உடன்வந்த ஒருவர் எழுதிய நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. மே 20-ஆம் நாள் இக்கடலோரத்தில் நங்கூரம் பாய்ச்சியபோது, கப்பாட்டையே கோழிக்கோடு என்று வழிகாட்டி எண்ணிவிட்டாராம்! முதலில் கரையேறியவரும் காமா அல்லர். தண்டனை பெற்ற கைதி ஒருவரை அனுப்பிவைத்தனர். அவரைக் கரையில் எதிர்கொண்டவர்கள் துனிசு நாட்டு முஸ்லிம்கள் இருவர். அவர்கள் ஸ்பானிய மொழியில் பேசியது கேட்டு அக்கைதி எவ்வளவு திகைத்திருப்பார்! புதிதாகக் கண்டுபிடித்த கரை என்று அவர்கள் நினைத்த இடம், பிறருக்கு நன்கு பழகிய சந்தையாக இருந்தது.

பின்னர், சாமூதிரி மன்னர் அனுப்பிய மாலுமி கப்பல்களைச் சற்று வடக்கே, பாதுகாப்பான பந்தலாயினிக் கொல்லத்துக்குக் கொண்டுசென்றார். மே 28-இல் காமா கரையேறியது அங்கேதான். அங்கிருந்து பல்லக்கில் வரும் வழியில் கப்பாட்டில் தங்கினர், உடன்வந்தோர் உணவு உண்டனர், பிறகு படகேறினர். வழியில் தங்கிய ஊர் வந்திறங்கிய ஊராகிவிட்டது.

கல் கூறாமல் விட்டது இதனினும் பெரிது. கீழை ஆப்பிரிக்காவின் மலிந்தி அரசர் ஒரு வழிகாட்டியைக் கொடுத்திராவிடில் இப்பயணம் என்னாயிருக்கும்? அவர் அரபு மாலுமி இப்னு மாஜித் என்று நெடுங்காலம் எழுதிவந்தனர். இன்றைய ஆய்வாளர் அதனை ஏற்பதில்லை. அவர் துணையாலும் பருவக்காற்றாலும் ஏப்ரல் 24-இல் புறப்பட்டவர்கள் மே 18-இல் மலையாளக் கரையைக் கண்டனர். திரும்பும்போது காற்றின் பருவத்துக்குக் காத்திராமல் கிளம்பினர். அதே கடலைக் கடக்க அக்டோபர் 5 முதல் ஜனவரி 2 வரை ஆயிற்று. ஈறு வீங்கும் நோயால் 30 பேர் மாண்டனர். 1502-இல் மீண்டும் வந்த காமா, மக்கா யாத்திரிகர் நிறைந்த கப்பலொன்றை அவர்களோடு எரித்தார். அதைப் பற்றியும் கப்பாட்டுக் கல்லில் ஒரு சொல் இல்லை.

கடலோடிகள் கல் நடுவது பழைய வழக்கமே. போர்த்துக்கீசியர் தூண்களைக் கப்பலிலேயே ஏற்றி வந்தனர். மலிந்தியில் ஒன்று இன்றும் உண்டு. அவர்களுக்கு முன்னரே வந்த சீனத் தளபதி செங் ஹோவின் கல் ஒன்று 1911-இல் இலங்கையின் காலி நகரில் அகப்பட்டது. 1409-ஆம் ஆண்டினதான அக்கல், இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது அது. ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு எனக் கருத வேண்டா. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கும் காணிக்கை கூறுகின்றன. பாரசீகப் பகுதி இஸ்லாமிய முறையில் அமைந்துள்ளது. செங் ஹோ சாதுவான யாத்திரிகர் அல்லர். இலங்கை அரசரையே சிறைப்பிடித்துச் சென்றவர். ஆயினும், கரையில் வாழ்வோர் படிக்கும் எழுத்தில் பேச வேண்டும் என்பதை அறிந்திருந்தார். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் அந்நியர் ஒருவர் இக்கடலோரத்தில் தமிழைத் தேடிப் பொறித்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

கப்பாட்டைக் காணச் செல்லும் அன்பர்கள் கல்லோடு திரும்பிவிடாமல், கொயிலாண்டியை அடுத்த பந்தலாயினி வரை சென்று வரலாம். அதிகத் தூரமில்லை.