ஒரு பவுண்டு தானியம்: அளவையும் உண்மையும் பற்றி ஒரு வரலாற்றுச் சிந்தனை

கீழப்பாவூர் வயற்புறத்தில் முதியோர் நிலத்தைப் பற்றிப் பேசுகையில், ஏக்கர் என்பதைவிட ‘இத்தனை கோட்டை விதைப்பாடு’ என்று கூறுவதைக் கேட்டிருக்கிறேன். இருபத்தொரு மரக்கால் கொண்டது ஒரு கோட்டை. அவ்வளவு நெல்லை விதைப்பதற்குப் போதுமான நிலமே ஒரு கோட்டை விதைப்பாடு. நிலத்தின் பரப்பை அதில் விழும் விதையைக் கொண்டு கணித்த நம் முன்னோர், அளவையை உழைப்பிலிருந்தும் உணவிலிருந்தும் பிரித்து நோக்கவில்லை. அம்முதியோரே மற்றொன்றையும் சொல்வதுண்டு. சில களங்களில் குத்தகை நெல்லை வாங்குவதற்கு ஒரு மரக்காலும், கூலி நெல்லைக் கொடுப்பதற்கு வேறொரு மரக்காலும் இருந்தனவாம். உபாகமம் 25ஆம் அதிகாரம் வீட்டில் பெரிதும் சிறிதுமான இரு படிகளை வைத்திருப்பதை ஏன் கண்டிக்கிறது என்பது நம் ஊர் விவசாயத் தொழிலாளிக்கு விளக்கவுரையின்றியே விளங்கும்.

எண் பொய் சொல்லாது என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் எண்ணைக் கொண்டு எதை அளக்கிறோம், யார் அளக்கிறார், அளக்கப்படுகிறவருக்கு அதில் சொல் உண்டா என்னும் வினாக்கள் எழும்போது அந்நம்பிக்கை தடுமாறுகிறது. இதனை ஆராய்வதற்கு நம் மாகாணத்தின் வரலாற்றிலேயே தெளிவான சான்று ஒன்று உண்டு. அது 1877ஆம் ஆண்டில் ஒரு பவுண்டு தானியத்தைக் குறித்து எழுந்த வழக்கு.

1. அரசும் அளவுகோலும்

அளப்பது ஆட்சியின் முதன்மையான செயல்களுள் ஒன்று. முதலாம் இராசராசன் கி.பி. 1001ஐ ஒட்டிச் சோழநாட்டு நிலங்களை அளப்பித்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் தானியம் அளக்க ‘ஆடவல்லான்’ என்னும் மரக்கால் வழங்கியதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. நிலமளக்கும் கோலின் நீளத்தைக் கோயிற்சுவரில் பொறித்துவைக்கும் வழக்கமும் தமிழகத்தில் இருந்தது. யாரும் வந்து ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய பொது இடத்தில் அளவுகோல் நின்றது என்பது நாம் மனத்திற்கொள்ளவேண்டிய செய்தி.

ஆங்கிலேயர் காலத்தில் அளவை புதிய வேகம் பெற்றது. 1802இல் லாம்டன் என்பார் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, பெரும் நிலவளவைப் பணியைத் தொடங்கினார். 1871இல் சென்னை மாகாணத்தின் மக்கள் எண்ணப்பட்டனர். தொகை ஏறத்தாழ 3 கோடியே 12 லட்சம். அக்கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவர் மருத்துவரான டபிள்யூ. ஆர். கார்னிஷ். மாகாணத்தின் சுகாதார ஆணையராகவும் அவர் விளங்கினார். இப்பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக.

2. தாது வருஷப் பஞ்சமும் டெம்பிளின் பவுண்டும்

1876இல் பருவமழை பொய்த்தது. பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம் முதலிய மாவட்டங்களில் பஞ்சம் கொடுமையாய்ப் பரவியது. தமிழ் மக்கள் இதனைத் தாது வருஷப் பஞ்சம் என்றே இன்றும் அழைக்கின்றனர். 1877 ஜனவரி முதல் நாளில் டில்லியில் விக்டோரியா இந்தியாவின் பேரரசியாகப் பெருவிழாவில் அறிவிக்கப்பட்ட வேளையில், தென்னாட்டில் மக்கள் ஊர்களைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தனர்.

வைசிராய் லிட்டன் பிரபு, பஞ்ச நிவாரணச் செலவை ஆராயும்படி சர் ரிச்சர்டு டெம்பிளை அனுப்பினார். டெம்பிளின் முன்வரலாறு கவனிக்கத்தக்கது. 1873–74இல் வங்காளம், பீகார் பகுதிகளில் பஞ்சம் நேரிட்டபோது அவர் பர்மாவிலிருந்து அரிசியைத் தருவித்து மக்களைக் காத்தார். மாண்டவர் மிகச் சிலரே. ஆயினும் மிகுதியாகச் செலவிட்டார் என்ற பழிச்சொல்லே அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. காப்பாற்றப்பட்ட உயிர்களை எழுதும் பத்தி அரசின் கணக்கேட்டில் இல்லை. செலவான பணத்துக்கு மட்டுமே பத்தி இருந்தது. அந்தப் பாடத்தை டெம்பிள் நன்கு கற்றுக்கொண்டார்.

சென்னைக்கு வந்த அவர், நிவாரண வேலையில் ஈடுபடும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு (ஏறத்தாழ 450 கிராம்) தானியமும் ஓர் அணாவும் போதுமென்று பரிந்துரைத்தார். பெண்களுக்கும் வேலைசெய்யும் சிறுவர்க்கும் இதனினும் குறைவு. இதற்கு ஈடாக வெயிலில் மண் வெட்டிச் சுமக்கவேண்டும். சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அப்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதே. பம்பாய் மாகாணத்தில் இக்கூலியை ஏற்க மறுத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். புனே சார்வஜனிக் சபை அவர்கள் சார்பில் வழக்குரைத்தது.

3. கார்னிஷின் மறுப்பு

அந்நாளில் டெம்பிளை எதிர்த்து உறுதியாய் நின்ற அரசு அலுவலர் கார்னிஷ். அவர் உணர்ச்சிவயப்பட்டு முறையிடவில்லை. அளவையை அளவையாலேயே எதிர்கொண்டார். உழைக்கும் உடலுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும். அதனோடு பருப்பும் காய்கறியும் சேரவேண்டும் என்று வாதிட்டார். டெம்பிளின் குறிப்புகளுக்கு மறுப்பாக ஒரு நூலே வெளியிட்டார். 1877 மார்ச்சில் சென்னை அரசாங்கம் பாதி வழி இறங்கிவந்து, ஒன்றேகால் பவுண்டு தானியத்தோடு ஒன்றரை அவுன்சு பருப்பையும் அளித்தது.

இருவருமே கற்றவர்கள்; இருவருமே எண்களைக் கொண்டே பேசினர். ஒருவர் உண்மையையும் மற்றவர் பொய்யையும் கையாண்டார் என்று எளிதாகத் தீர்ப்புரைப்பது பொருந்தாது. டெம்பிளின் தராசில் ஒரு தட்டில் கருவூலமும் மறு தட்டில் தானியமும் இருந்தன. கார்னிஷின் தராசில் தானியத்துக்கு எதிரே மெலிந்த மனித உடல் இருந்தது. நிவாரண முகாமில் ஒட்டிய வயிற்றையும் வீங்கிய காலையும் நேரில் கண்ட பின்னர்த் தம் எண்ணைத் திருத்திக்கொள்ள ஆயத்தமாயிருந்தவரின் அளவையே உண்மைக்கு நெருங்கியதாயிற்று.

மாண்டோர் எத்தனை பேர்? கிராமத்தில் இறப்பைப் பதிய வேண்டிய கர்ணமும் மணியக்காரரும் பஞ்சத்துக்கு விலக்கானவரல்லர். வழியில் விழுந்தவரை எந்த ஊரின் ஏட்டில் எழுதுவது? 1881ஆம் ஆண்டின் மக்கள் கணக்கு வெளிவந்த பின்னரே இழப்பின் பரிமாணம் புலனாயிற்று. பத்தாண்டுகளில் பெருகியிருக்கவேண்டிய மாகாண மக்கள்தொகை சற்றுக் குறைந்து, ஏறத்தாழ 3 கோடியே 8 லட்சமாய் நின்றது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர் என்று மதிப்பிடப்பட்டது. பிற்கால ஆய்வாளர் சிலர் இதனினும் உயர்ந்த தொகையைக் கூறுவர். வரி விதிப்பதற்கும் ஆள்வதற்கும் எடுக்கப்பட்ட அதே கணக்கு, ஆண்டவர்களுக்கு எதிரான சாட்சியாகவும் நின்றது. அளவையை வெறுத்து ஒதுக்குவோர் இதனை மறந்துவிடலாகாது.

4. திருச்சபையின் கணக்கேடு

அரசை நோக்கி நீட்டிய விரலை நம்மை நோக்கியும் திருப்பவேண்டும். 1877இல் கால்டுவெல், சார்ஜென்ட் ஆகிய இருவரும் திருநெல்வேலிக்குத் துணைப் பேராயர்களாக அருட்பொழிவு பெற்றனர். முன்னவர் எஸ்.பி.ஜி. சங்கத்தின் சபைகளையும் பின்னவர் சி.எம்.எஸ். சங்கத்தின் சபைகளையும் கண்காணித்தனர். பஞ்சத்தையொட்டி எஸ்.பி.ஜி. சபைகளில் மட்டும் ஏறத்தாழ 16,000 பேர் புதிதாகச் சேர்ந்தனர். அவ்வெண் இங்கிலாந்தில் மகிழ்ச்சியோடு வாசிக்கப்பட்டது. வேறு சிலரோ இவர்கள் ‘சோற்றுக் கிறிஸ்தவர்கள்’ என்று இகழ்ந்தனர்.

இவ்விரு சாராரும் ஒரே பிழையைச் செய்தனர் என்பது என் கருத்து. 16,000 என்பது எத்தனை பேர் வந்தனர் என்பதைக் காட்டும். ஏன் வந்தனர் என்பதைக் காட்டாது. அவர்களுள் கஞ்சிக்காக வந்தவர் இருந்திருப்பர். தங்களையும் ஒருவர் மனிதராக மதித்துக் கஞ்சி வார்த்ததைக் கண்டு வந்தவரும் இருந்திருப்பர். பசித்தவன் உள்ளத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிய எந்தத் தராசு உண்டு? அக்கால மிஷன் அறிக்கைகள் ஞானஸ்நானம் பெற்றோரையும், அதற்கு ஆயத்தப்படுவோரையும், நற்கருணையில் பங்குபெறுவோரையும் தனித்தனிப் பத்திகளில் காட்டின. ஒரே எண் போதாதென்பதை அப்பத்திகளே ஒப்புக்கொண்டன எனலாம். தாவீது மக்களை எண்ணியது குற்றமாயிற்று என்று 2 சாமுவேல் 24 கூறுவதையும், ஆசரிப்புக் கூடாரத்தில் மக்களை எண்ணும்படி ஆண்டவரே கட்டளையிட்டதாக எண்ணாகமம் கூறுவதையும் அருகருகே வைத்துப் படிக்கவேண்டும். எண்ணுதலன்று, எண்ணிக்கையில் மேன்மை பாராட்டுதலே கண்டனத்துக்குரியது.

5. முடிவுரை

இவ்வழக்கு முடிந்துபோனதன்று. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்னும் பத்தியில் கிறிஸ்தவருக்கு இடமளிக்கவில்லை. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியே நிற்கின்றனர். ஞானஸ்நானம் அவர்கள் தெருவை மாற்றவில்லை. ஏட்டில் அவர்கள் பத்தியை மட்டும் மாற்றிற்று. 1931க்குப் பின் முதன்முறையாக அனைத்துச் சாதியினரையும் எண்ணும் கணக்கெடுப்பு 2027ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்டுள்ளது. அதில் நம் மக்கள் எவ்வாறு எழுதப்படுவர் என்பதைக் குறித்துச் சபைகள் இப்போதே சிந்திக்கவேண்டும். நம் சபைகளின் குழுக்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் அவர்களுக்கு எவ்வளவு இடம் அளந்தோம் என்பதையும் அதே நேர்மையோடு கணக்கிடவேண்டும்.

யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் ஓர் அளவை வருகிறது. அது ஓமர். வனாந்தரத்தில் மன்னா, தலைக்கு ஓர் ஓமராக, உண்ணும் தேவைக்கேற்ப அளக்கப்பட்டது. மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மீதியில்லை. குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறைவுமில்லை. டெம்பிளின் பவுண்டும் தலைக்கு ஒன்றே. ஆனால் அது செலவிலிருந்து கீழிறங்கி உண்பவனை வந்தடைந்தது. ஓமரோ உண்பவனிடமிருந்து தொடங்கிற்று.

நம் ஊர்ச் சபைகளில் பிடியரிசிக் காணிக்கை என்னும் வழக்கம் உண்டு. உலையில் அரிசி இடும்போது தாய் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைக்கிறாள். அந்தக் கைக்கு முத்திரையிட்ட அளவு எதுவும் இல்லை. ஆயினும் அன்று வீட்டில் எத்தனை பேர் உண்ணவேண்டும் என்பதை அறிந்த கை அது. நாட்டின் அளவைகளையும் சபையின் புள்ளிவிவரங்களையும் ஆயத்தம் செய்வோர், அவ்வறிவைப் பெற்ற பின்னரே எழுதுகோலை எடுப்பது நலம்.