ஆடவரும் தலைமுழுக்கும் - ஒரு சிறு வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பில் ஆண்டு 5 மாணவன் ஒருவனின் பயிற்றுநூல்களில் திங்கட்கிழமைதோறும் எண்ணெய்க் கறை படிந்திருக்கும். சக மாணவர்கள் அவனுக்கு 'எண்ணெய்ச் சட்டி' என்று பட்டம் சூட்டினர். கேலி செய்தவர்களைக் கண்டிப்பதற்கு முன்பாகவே, "மகனின் தலையில் எண்ணெய் தேய்க்க வேண்டா" என்று அவன் தந்தைக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பிவிட்டேன். மறுவாரம் அவர் பள்ளிக்கு வந்தார். கனவுந்து ஓட்டுநர். "ஞாயிறு ஒருநாள்தான் சார் நான் வீட்டில இருக்கேன். என் கையால அவனுக்குச் செய்யறது இந்த ஒண்ணுதான்," என்றார். எனக்கு மறுமொழி கூற நா எழவில்லை.

அன்று தொடங்கி, ஆடவரின் தலைமுழுக்கு எவ்வாறு தோன்றி எவ்வாறு மாறியது என்று தேடிப் படிக்கலானேன். அதில் அறிந்தவற்றை இங்குப் பகிர்ந்து கொள்கிறேன்.

எண்ணெயும் அதன் இணையும்

தலையைப் பேணுவது பெண்களுக்கே உரியது என்னும் எண்ணம் இக்காலத்தது. தமிழர் வழக்கில் பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் போல, ஆண்களுக்குப் புதனும் சனியும் எண்ணெய் முழுக்கு நாள்களாக இருந்தன. சித்த மருத்துவர் தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதிகள், நான்கு நாள்களுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கை வலியுறுத்துகின்றன.

இம்முறையில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று, நல்லெண்ணெயைத் தேய்த்து ஊறவிடுவது. மற்றொன்று, அவ்வெண்ணெயைப் போக்குவது. போக்குவதற்குச் சீயக்காய், உசிலை இலையைப் பொடித்துச் செய்யும் அரப்பு, பூந்திக்கொட்டை ஆகியவை பயன்பட்டன. சீயக்காய்த் தூளை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்ததும் உண்டு. இவற்றில் சப்போனின் என்னும் இயற்கை நுரைப்பொருள் இருக்கிறது. அதன் மூலக்கூறின் ஒரு பகுதி எண்ணெயையும் மறுபகுதி நீரையும் பற்றிக்கொள்வதால், எண்ணெய் நீரோடு கலந்து வெளியேறுகிறது. வேதியியல் பெயர் அறியாமலே நம் முன்னோர் அதன் செயலை அறிந்திருந்தனர்.

அக்காலத்தில் தமிழ்நாட்டு ஆடவர் பலரும், அங்கிருந்து மலாயாவுக்கு வந்த தொழிலாளர் பலரும் குடுமி வைத்திருந்தனர். நீண்ட முடி உலர நேரம் பிடிக்கும். நீரைக் கிணற்றிலிருந்து இறைக்க வேண்டும். ஆகவே அன்றாடம் உடலுக்குக் குளிப்பதும், வாரம் ஒருமுறையோ இருமுறையோ தலைமுழுகுவதும் அவர்களது வாழ்க்கைக்குப் பொருந்திய ஏற்பாடாகும்.

பாட்னாவிலிருந்து பிரைட்டனுக்கு

இனி, இன்று நம் குளியலறையில் இருக்கும் 'ஷாம்பு'வுக்கு வருவோம். இச்சொல் ஆங்கிலேயர் நமக்குத் தந்தது என்றே மாணவர்கள் எண்ணுகின்றனர். உண்மையில், அமுக்கிப் பிசைதல் எனப் பொருள்படும் 'சாம்ப்னா' என்னும் இந்திச் சொல்லிலிருந்து பிறந்து ஆங்கிலத்துக்குச் சென்றது அது.

அச்சொல்லை இங்கிலாந்தில் புகழ்பெறச் செய்தவர் சேக் தீன் முகமது. 1759இல் பாட்னாவில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணியாற்றி, பின்னர் அயர்லாந்தில் குடியேறியவர். 1794இல் அவர் வெளியிட்ட பயண நூல், இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூலாகக் கருதப்படுகிறது. 1814இல் பிரைட்டன் நகருக்குச் சென்று, மூலிகை நீராவியும் எண்ணெய்ப் பிடிப்பும் கொண்ட குளியல் நிலையத்தை நடத்தினார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களுக்கும் அவர் 'ஷாம்பு மருத்துவர்' ஆனார். 1851இல் மறைந்தார். அவர் காலத்தில் அச்சொல் உடல் பிடித்துவிடுதலையே குறித்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது தலைகழுவுதலைக் குறிக்கலாயிற்று.

1903இல் பெர்லின் நகர மருந்தாளுநர் ஹான்ஸ் ஷ்வார்ஸ்கோப், நீரில் கரையும் ஷாம்புத் தூளைச் சிறு பொட்டலங்களில் விற்றார். 1927இல் அவரது நிறுவனம் நீர்ம ஷாம்புவைக் கொணர்ந்தது. 1934இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டிரீன்', சவர்க்காரம் சேராத செயற்கை நுரைப்பொருளால் ஆனது. சவர்க்காரம் காரத்தன்மை உடையது. கடின நீரில் அது முடியின்மேல் மங்கலான படிவை விட்டுவிடும். இக்குறையைப் புதிய ஷாம்பு நீக்கியது. தமிழ்நாட்டில், 1980களில் கடலூரில் தொடங்கிய 'சிக்' ஷாம்பு போன்றவை சிறு உறைகளில் வந்து சிற்றூர்களையும் எட்டின.

தோட்டத்தில் நாங்கள்

இடையில் ஆடவர் குடுமி கிராப்பாக மாறிவிட்டது. முடி குறுகியதும் தலைமுழுக்கும் சுருங்கியது. சிங்கப்பூரில் 1970களில், நீண்ட முடி வைத்த ஆண்களுக்கு இறுதியில்தான் சேவை வழங்கப்படும் என்று அரசு அலுவலகங்களில் அறிவிப்பே தொங்கியது. நம் பள்ளிகளிலும் மாணவர்க்குக் குட்டை முடியே விதி.

நான் பிறந்த தோட்டத்தில், என் தந்தையார் பால்மரம் சீவி வந்ததும் பொதுக்குழாயடியில் நிற்பார். ஒட்டுப்பால் வாடை போக, துணிக்குப் போடும் கட்டிச் சவர்க்காரத்தையே தலைக்கும் தேய்ப்பார். எண்ணெய் முழுக்கு ஓய்வுநாளான ஞாயிற்றுக்கு மாறியிருந்தது. சீயக்காய் தீபாவளிக்கு மட்டும் கடையிலிருந்து வரும். மற்ற நாள்களில் எண்ணெய் மட்டும் எஞ்சியது. அதன் இணை விடைபெற்றுவிட்டது.

என் மாணவனின் வீட்டிலும் இதுவே நிகழ்ந்திருந்தது. பேச்சுவாக்கில் அத்தந்தையிடம் வினவினேன். எண்ணெய் தேய்த்தபின் உடல் சவர்க்காரத்தை ஒருமுறை போட்டு நீரூற்றி விடுவதாகக் கூறினார். குற்றம் எண்ணெயில் இல்லை. வழக்கத்தின் இரண்டாம் பாதி காணாமற் போனதில்தான் இருந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

பழையது என்பதால் எல்லாம் நன்றாகிவிடாது. விளம்பரத்தில் வருவதால் எல்லாம் தேவையாகிவிடாது. தலைமுறைதோறும் ஆடவர் தம் முடியின் நீளம், தொழில், நீர் வசதி ஆகியவற்றுக்கு ஏற்பவே தலைகழுவினர். நாமும் அவ்வாறே செய்யலாம்.

2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தேங்காய் எண்ணெய் முடியினுள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பது கண்டறியப்பட்டது. எனினும், பொடுகுக்குக் காரணமான நுண்பூஞ்சை தலையின் எண்ணெய்ப்பசையை உண்டே வாழ்கிறது. ஆகவே பொடுகு மிகுந்த தலையில் எண்ணெயை ஊறவிடுவது அதை வளர்க்கக்கூடும். பருவ வயதை நெருங்கும் சிறுவர்க்குத் தலையில் எண்ணெய்ச் சுரப்பு கூடும். புறப்பாட நடவடிக்கை நாள்களில் வியர்வையும் சேரும். அந்நாள்களில் மென்மையான ஷாம்புவால் கழுவுவது நன்று. வறண்ட முடியுடையோர் அடிக்கடி கழுவ வேண்டியதில்லை. எண்ணெய் முழுக்கை விரும்புவோர் தாராளமாகச் செய்யலாம். சீயக்காயோ ஷாம்புவோ கொண்டு, விரலில் பிசுபிசுப்பு நீங்கும்வரை கழுவ வேண்டும். அரிப்போ புண்ணோ தொடருமானால் மருத்துவரை நாடுவதே முறை.

அத்தந்தைக்கு நான் எழுதிய குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அடுத்த திங்களன்று அம்மாணவனின் பயிற்றுநூல் கறையின்றி வந்தது. தலையில் சீயக்காய் மணம். அன்றைய வரலாற்றுப் பாடத்தில் சேக் தீன் முகமதுவின் கதையைக் கூறினேன். மன்னர்களுக்கே எண்ணெய் தேய்த்துவிட்டவர் ஒருவர் இருந்தார் என்றதும், முன்வரிசையில் அமர்ந்திருந்த அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதன்பின் அப்பட்டப் பெயர் என் செவியில் விழவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, மாணவனின் வீட்டு வழக்கம் ஒன்று நமக்கு இடையூறாகத் தோன்றும்போது, குறிப்பு எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்போம். நான் கேட்கத் தவறியது அதைத்தான்.